எலுமிச்சம்பழம் தாண்டியும் நிற்காத நோவா

ஏப்ரல் 5, சனி

இன்று நோவா ஸ்டார்ட் ஆகிவிட்டது! அறுபத்தாறாம் வருஷத்து அமெரிக்கக் கார், என்னைவிட வயதில் மூத்தது. நண்பன் முகம்மது கார்பரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிவிட்டு, "இப்ப அடிடா" என்றான். சாவியைத் திருகினேன். இரண்டு இருமல், அப்புறம் தெருவே அதிர்கிற மாதிரி ஒரு உறுமல். ப்ரியம்வதா எட்டிப் பார்த்து, "சத்தம்னு குடியிருப்புச் சங்கத்துலேர்ந்து மெயில் வந்தா நீதான் பதில் போடணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இந்த வண்டியைப் பார்த்து என் மனைவி சிரிப்பது இதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொன்னால் வேலையெல்லாம் முகம்மதுவுடையது. வாரம் முழுக்க டேட்டாபேஸோடு மாரடித்துவிட்டு, சனிக்கிழமையானால் பக்கத்து ஊர் பிளானோவிலிருந்து டூல் பாக்ஸோடு வந்துவிடுகிறான். பெயிண்ட் அடித்தது இன்னொரு நண்பன் பத்மநாபன். நான் யார்? ஓனர். பார்ட்ஸ் ஆர்டர் செய்பவன். ஆபீஸில் போட்டோ காட்டி, 'நான் ரீஸ்டோர் பண்றேன்' என்று சொல்லிக்கொள்பவன்.

ஏப்ரல் 9, புதன்

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூஜை. மறுநாள் வருஷப் பிறப்பு, பொருத்தமாக இருக்கும். எங்கள் வட்டத்துக்கே பெரியவரான புஷ்பவல்லி ஆன்ட்டி டாலஸ் நேரத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து, பத்தரைக்குள் வண்டி எலுமிச்சம்பழம் ஏறியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாட்ஸப் குரூப்பில் எல்லோரையும் கூப்பிட்டாயிற்று. அதற்கு அப்புறம்தான் முகம்மதுவிடம் சொன்னேன்.

"பிரேக் முடியலையேடா. ஹேண்ட்பிரேக் கேபிளும் இன்னும் வரல."

"சனிக்கிழமை முடிச்சிடலாம்."

வேலை செய்கிறவனைக் கேட்காமல் தேதி கொடுப்பது. இருபது வருஷ ஆபீஸ் பழக்கம், வீட்டிலும் போகமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 12, சனி

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலை. இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். முகம்மது சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து ஒரு சின்ன திருகைத் திறப்பான். காற்றும் ஆயிலும் வெளியே வரும். திருகை மூடிவிட்டு "விடு" என்பான். அதற்குப் பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்ப உள்ளே புகுந்து பெடல் பஞ்சாகிவிடும். ஒரே வேலையை நூறு தடவை செய்கிற அலுப்பு.

நடுவில் ஆபீஸிலிருந்து போன், புது ரிலீஸ் பற்றி. சென்னை டீமிலிருந்து க்ரிஷ் ஏதோ ஃபெயில் ஆகிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தான். காதில் அவன், காலில் பெடல். கடைசி சக்கரத்தில் பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருந்தது. முகம்மது கீழேயிருந்து, "கெட்டியா இருக்கா?" என்றான். "கல்லு மாதிரி இருக்கு" என்றேன். நாளைக்கு நாலு தடவை மிதித்தால் சரியாகிவிடும். பூக்காரிக்கு... இல்லை, பூவுக்கு இந்தியன் ஸ்டோரில் சொல்லியாயிற்று. பழமும் வாங்கியாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

முகம்மது ஆஸ்பத்திரியில். கணுக்கால்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்வது?

நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம். நான் ஸ்டியரிங்கில். எல்லோரும் கை தட்டினார்கள். ரிவர்ஸ் போட்டேன், பழம் நசுங்கியது, வண்டி கராஜை விட்டு வெளியே வந்தது. மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. திரும்ப மிதித்தேன். ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்து வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய். காற்று புகுந்தால் மொத்தமும் போச்சு. கராஜிலிருந்து தெருவுக்கு இறங்கும் எங்கள் டிரைவ்வே சரிவு. கீழே புஷ்பவல்லி ஆன்ட்டி ஆரத்தித் தட்டோடு பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார். அவரால் வேகமாக நகரக்கூட முடியாது.

முகம்மது மரக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப் பின்சக்கரத்துக்குக் கீழே திணித்தான். வண்டி நின்றது. அவன் காலும் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

தரையில் கிடந்தபடி அவன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "மன்னிச்சிருடா மச்சான், நான்தான் எங்கயோ திருகை ஒழுங்கா மூடாம விட்டுட்டேன்."

நான் என்ன சொன்னேன்? "பேசாத, ஆம்புலன்ஸ் வருது." அவ்வளவுதான் சொன்னேன். 'பேசாத' என்று அவனைச் சொன்னேன்!

அப்போது ஆன்ட்டி என் தோளைத் தொட்டு, "பூஜை போடற வண்டிய அந்த பாய் கையில குடுத்திருக்கவே வேணாம்ப்பா" என்றார். யாருடைய கால் போனதால் அவர் நின்றுகொண்டு பேசுகிறார்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருத்தத்தில் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பஞ்சு மாதிரி இருந்தது. எனக்குத் தெரியும். போனைப் பார்த்துக்கொண்டு, அவன் 'விடு' என்று சொல்வதற்கு முன்பே காலை எடுத்ததும் தெரியும். ஒரு தடவை மட்டும் இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஆபரேஷன் முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். பழக்கூடையோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஹபீஸா டீ போட்டுக் கொடுத்து, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க அச்சுதண்ணா, அவரே சொல்லிட்டாரு அவர் தப்புதான்னு" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள். நான் அந்த டீயைக் குடித்தேன். இன்னொரு கப் வேண்டுமா என்றாள். அதையும் குடித்தேன். என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நோவாவுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

மே 3, சனி

முகம்மது போன் செய்தான்.

"டூல் பாக்ஸ் உன் கராஜ்லயே இருக்கட்டும். நீயே வெச்சுக்க. இனிமே அடுத்தவங்க வண்டியில நான் கை வைக்கிறதா இல்ல."

"என்னடா இப்படிப் பேசற?"

"ஒரு வயசான அம்மா மேல ஏறியிருக்கும்டா. நெனச்சா ஸ்பேனரையே தொடப் பிடிக்கல."

போனை வைத்த பிறகு ஹபீஸா தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவளுடைய வண்டிக்கு பிரேக் பேட் மாற்றக் கடையில் விட்டிருக்கிறானாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன்தான் மாற்றுவான். ராத்திரி சாப்பிடும்போது, 'நான் எந்தத் திருகை விட்டேன்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறானாம்.

ப்ரியம்வதாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "என்கிட்ட எதுக்குச் சொல்ற? என் காலா உடைஞ்சது?" என்று எழுந்து போய்விட்டாள்.

மே 10, சனி

டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு பிளானோ போனேன். டோல்வேயில் இரண்டு எக்ஸிட்டைத் தவறவிட்டேன். வேண்டுமென்றே இல்லை, ஆனாலும் வருத்தப்படவில்லை.

முகம்மது சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். உட்காராமலே சொன்னேன். "நீ திருகை ஒழுங்காத்தான் மூடின. நான்தான் நீ சொல்றதுக்கு முன்னாடியே காலை எடுத்தேன். ஆபீஸ் போன்ல இருந்தேன். பெடல் கெட்டியா இல்ல. தெரிஞ்சேதான் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் தன் கைகளை விரித்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"சரி. பெடல் விஷயத்த விடு. அது அவசரம். எல்லாருக்கும் வரும். அந்த ஆன்ட்டி சொன்னாங்களே, அது என் காதுல விழுந்துச்சு. பக்கத்துலதானே கெடந்தேன். அப்ப உனக்குத் தெரியும்ல, தப்பு யாருதுன்னு?"

"தெரியும்."

"அப்பவும் சும்மாதான் நின்ன."

ஹபீஸா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இன்று டீ வரவில்லை. டூல் பாக்ஸைக் கதவருகே வைத்துவிட்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "தப்பு என்னுது ஆன்ட்டி. நீங்க நிக்கறதே அவனாலதான். நீங்க அப்படிப் பேசினது தப்பு. அதைக் கேட்டுட்டு நான் சும்மா இருந்தது அதைவிடத் தப்பு." அவர், "நான் என்னப்பா சொன்னேன்? பதட்டத்துல ஏதோ வந்திருக்கும்" என்றார். பிறகு மாம்பழம் நறுக்கி வைத்தார். சாப்பிடவில்லை.

பூஜைக்கு வந்த எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பிலும் இதையே என் குரலில் பேசி அனுப்பிவிட்டேன். பத்மநாபன் மட்டும் பதில் போட்டான்: 'முன்னாடியே சொல்லியிருக்கலாம்.' மற்றவர்களிடமிருந்து, கேட்டதற்கான நீலக் குறி மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

பக்ரீத். வருஷா வருஷம் முகம்மது வீட்டில்தான் மதியச் சாப்பாடு. ஹபீஸா எனக்கென்று தனிப் பாத்திரத்தில் கத்திரிக்காயும் நெய்ச்சோறும் செய்து வைத்திருப்பாள். "அச்சுதண்ணா பாத்திரத்தை யாரும் தொடாதீங்க" என்று சத்தம் போடுவாள்.

இந்த வருஷம் போன் வரவில்லை. வாழ்த்து அனுப்பினேன். பார்த்திருக்கிறான்.

ஜூன் 11, புதன்

பத்மநாபன் வந்தான். "முகம்மது வண்டியை அவன் வீட்டுக்கு அனுப்பச் சொல்றான். பாதியில விட்டது உறுத்துதாம்." வண்டி ஏற்றிப்போகிற டோ டிரக்கை வரவழைத்து அனுப்பினேன். நான் ஏற்ற உதவினேன். பத்மநாபன்தான் கூடப் போனான். கராஜ் காலியாகிவிட்டது. ப்ரியம்வதா தன் காரை உள்ளே விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

முகம்மதுவிடமிருந்து மெசேஜ். மூன்றே வரி.

'சனிக்கிழமை வா. சாப்பாடு கொண்டு வா. வண்டியைத் தொடாதே.'

ஜூன் 21, சனி

புளியோதரை செய்து எடுத்துக்கொண்டு போனேன். முகம்மது ஒரு மடக்கு நாற்காலியைக் காட்டி, "அங்க உக்காரு" என்றான். உட்கார்ந்தேன். கொஞ்சம் நொண்டுகிறான். மெல்லக் கீழே இறங்கி, பலகையில் படுத்து, வண்டிக்குப் பக்கத்தில் நகர்ந்தான். ஹபீஸா டிரைவர் சீட்டில் ஏறினாள். ஒவ்வொரு சக்கரமாக வந்தார்கள். அவன் "விடு" என்று சொல்லும்வரை அவள் காலை எடுக்கவே இல்லை.

நாலாவது சக்கரமும் முடிந்தது. வெயில் நூறைத் தாண்டியிருக்கும். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கீழேயிருந்து கேட்டான்.

"கெட்டியா இருக்கா?"

"இல்லைங்க. இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கு" என்றாள் ஹபீஸா.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். முகம்மது கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சுகூட இல்லை. "சரி, மொதல்லேர்ந்து வருவோம்" என்று நொண்டிக்கொண்டே மறுபடி பின்சக்கரத்துக்குப் போனான். நான் புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.