உன் படையலுக்கு எந்த எண்ணெய்?

இதனால் சகலருக்கும், குறிப்பாகக் கேட்க முடியாத உனக்கும் அறிவிப்பது: இன்று காலை உன் வீட்டு அடுப்படியில் ஒரு லிட்டர் ரீஃபைண்டு மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், பாக்கெட் என் பற்களால் கிழிக்கப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

உனக்கு இன்று வருஷப் படையல். கறி வறுக்க என்னைக் கூப்பிட்ட உன் அம்மா, செக்கு நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தார். அவன் வறுத்த மாதிரியே இருக்கணும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குருவிநத்தம் ஆற்றங்கரையில் நாம் கூட்டாகக் கறி வாங்கிய காணும் பொங்கல் நினைவிருக்கிறதா? சட்டி நன்றாகக் காய்ந்ததும் நீ நல்லெண்ணெயை ஊற்றினாய். உடனே புகை. கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்டக் கறியையும் போட்டாய். மேலே கரி, உள்ளே ரத்தம். அந்த எண்ணெய் அத்தனை சூடு தாங்காது, வறுக்க ரீஃபைண்டை எடு என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

“வாசன இல்லாததுலாம் ஒரு எண்ணெயாடா?” என்றாய்.

“நீ இன்னாடா, கறி வறுக்கறியா, கொசு வெரட்டுறியா?” என்றேன், எல்லார் முன்னாலும். அன்றிலிருந்து உன் பெயர் கொசுவத்தி. பாகூர் ரோட்டில், ஹெல்மெட் போட்டால் முடி கலையும் என்று பைக்கில் பறந்து செத்தாய். கண்ணீர் அஞ்சலி பேனரில் உன் பெயருக்குப் பக்கத்தில் கொசுவத்தி என்றும் போட்டிருந்தது. வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். படத்தில் முடி கலையவே இல்லை.

அதனால் இன்று உன் அம்மாவிடம் கறாராகச் சொன்னேன், அந்த எண்ணெயில் கறி கசக்கும் என்று.

“கசந்தா கசக்கட்டும்டா. அவனுக்குத்தான?”

கேட்பேனா? பாதிக் கறியைத் துணியில் ஒற்றி எடுத்து, காய்ந்த சட்டியில் என் எண்ணெயில் போட்டேன். புகையில்லாமல் சிவந்து வந்தது. உன்னை உன் படையலிலேயே ஜெயித்தேன். எதிராளி வாயே திறக்காத சண்டையில் ஜெயிப்பது தனி சுகம்டா.

உன் அம்மா குனிந்து முகர்ந்தார். “நல்லாத்தான் இருக்கு. யார் வூட்டுக் கறியோ மாதிரி இருக்கு” என்றார். இலையில் வைக்காமல் நின்றார்.

இதை வெளியே சொல்லாதே. உன்னால் முடியாது, அது வேறு. மீதிக் கறியை நல்லெண்ணெயில்தான் போட்டேன், தண்ணீர்கூட வடிக்காமல். புகையில் இருமிக்கொண்டே உன் அம்மா அந்தக் கருகலை இலையில் வைத்தார். படையல் முடிந்ததும் எல்லாரும் என் வறுவலைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். நான் உன்னுடையதை வாங்கித் தின்றேன், மறுபடி கேட்டும் வாங்கினேன். கசப்புதான். சட்டையெல்லாம் அந்தப் புகை நாற்றம். குளிக்கச் சொல்லி வீட்டில் கத்துகிறார்கள்.

நாளைக்குக் குளித்துக்கொள்ளலாம்.