லாங் ஐலண்ட்: பூஜ்யம்

1968 ஏப்ரல் 8

மின்விசிறி ஓடாமல் மூன்று நாள். எழுதுகிற காகிதமெல்லாம் கையில் ஒட்டுகிறது. இந்த அழகில் எங்கள் புள்ளிவிவர ஆபீஸ் அதிகாரி ராஜமாணிக்கம் சார் புது வேலை தந்தார். அடுத்த மாதம் டில்லியிலிருந்து எம்.பி.க்கள் குழு வருகிறதாம். கப்பலில் மட்டுமே போகக்கூடிய அந்தமான் தீவான லாங் ஐலண்டில் இருக்கும் பிரசவ நர்ஸை அங்கேயே வைப்பதா, இங்கே போர்ட் பிளேருக்கு மாற்றுவதா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பத்துப் பக்கக் குறிப்பு.

"கணக்கு மட்டும்தான் சுசீலா. இப்படிச் செய்யுங்கன்னு ஒரு வரி வரக்கூடாது. எந்தக் கட்சிக்காரர் படிச்சாலும் ஒண்ணுதான்."

இந்த ஆபீஸில் எனக்குப் பிடித்ததே அதுதான். யாருக்கும் ஜால்ரா போட வேண்டாம்.

ஏப்ரல் 15

அக்கா கண்ணம்மாவின் கடிதம். இரண்டு மாதமாம்! கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அத்தானுக்கு லாங் ஐலண்ட் மர டிப்போவில்தான் வேலை. "நர்ஸம்மா கூப்பிடு தூரத்துல இருக்காங்க, நீ கவலப்படாத" என்று எழுதியிருக்கிறாள்.

குறிப்பைப் பற்றி அவளிடம் மூச்சு விடக்கூடாது. முன்பெல்லாம் அங்கே பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்கவும் கூடாது. கேட்டால் மனம் சாய்ந்துவிடும்.

ஏப்ரல் 26

அட்டவணை முடிந்தது. பிரசவத்தில் இறந்த தாய்மார், லாங் ஐலண்ட்: நர்ஸ் வருவதற்கு முந்தைய இரண்டு வருஷம் – 0. வந்த பின் இரண்டு வருஷம் – 0. அதாவது, நர்ஸ் வந்ததால் எதுவும் மாறவில்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். அக்கா ஞாபகம் வந்தது. ஒரு எண்ணையும் தொடவில்லை.

மே 17

குழு வந்தது. தலை நரைத்த ஒருவர் மட்டும் அட்டவணையில் விரலை வைத்து, "பேட்டி, ஸீரோ கா மத்லப்?" – மகளே, பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம் – என்று கேட்டார்.

"ஸீரோ மத்லப் ஸீரோ, சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ராஜமாணிக்கம் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 6

உத்தரவு வந்துவிட்டது. நர்ஸ் போர்ட் பிளேருக்கு. சிக்கலான பிரசவங்களைக் கப்பலில் அழைத்து வர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19

அக்காவின் கடிதம்: "நர்ஸம்மா நேத்து ஜஹாஸ் ஏறிட்டாங்க. கப்பல் துறை ஜெட்டியில பொம்பளைங்க எல்லாம் அழுதோம். யாரோ ஆபீஸ்ல இருந்துக்கிட்டு எழுதிட்டாங்களாம்."

யாரோ. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

செப்டம்பர் 20

கப்பல் பயணிகள் எண்ணிக்கைக்காக ஃபீனிக்ஸ் பே துறைமுகம் போனேன். ஜெட்டி கிளார்க் குழந்தைவேலு அண்ணன் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் போட்டார். புரட்டினால், வழியில் இறந்தவர்கள் பட்டியல். பெண், வயது 22, பிரசவம். பெண், 19, பிரசவம். ஐந்து பேர். ஐவரும் ஏறியது லாங் ஐலண்டில். எல்லாம் நர்ஸ் வருவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில். இறந்த இடம் – போர்ட் பிளேர்.

"இது என்னண்ணே?"

"கடல்ல செத்தா எந்த ஊருன்னு எழுதறது? பாடியை எந்த ஜெட்டியில இறக்குறமோ அந்த ஊரு. எப்பவும் அப்படித்தாம்மா. இதுல இருந்துதான் உங்க ஆபீஸுக்கு லிஸ்ட் போகுது."

ஐந்து. நான் பூஜ்யம் என்று எழுதியது ஐந்து. நர்ஸ் வந்த பிறகுதான் நிஜமாகவே பூஜ்யம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து பேரின் பெயரையும் சொல்லியிருப்பாளே! மனம் சாயக்கூடாதாம். என்ன திமிர் எனக்கு.

செப்டம்பர் 23

திருத்தம் எழுதிக்கொண்டு போனேன். ராஜமாணிக்கம் சார் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். பிறகு, "உங்க அக்கா அங்கதானே இருக்காங்க? அக்காவுக்காக எழுதினதுன்னு சொல்லிடுவாங்கம்மா. அடுத்த வருஷக் குறிப்புல சேத்துக்கலாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மனம் சாயக்கூடாது என்று நான் பேசுவதைப் போலவேதான் பேசினார். திருத்தத்தை டில்லிக்கு நானே தபாலில் போட்டேன். வேலை போனால் போகட்டும்.

அக்டோபர் 14

டில்லியிலிருந்து பதில் இல்லை. உடனே புறப்பட்டு வா என்று அக்காவுக்கு எழுதினேன்.

அக்டோபர் 30

நவம்பர் 4 கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்களாம். நல்லவேளை.

நவம்பர் 4

புயல். கப்பல் ரத்து.

நவம்பர் 9

இன்றும் கப்பல் இல்லை.

நவம்பர் 13

நேற்று கப்பல் வந்தது. நான் ஜெட்டியில் நின்றிருந்தேன். அத்தான்தான் முதலில் இறங்கினார். கையில் துணி சுற்றிய குழந்தை, பெண், அழுதுகொண்டிருந்தது. அக்காவைப் பிறகு ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். முகத்தை மூடியிருந்தார்கள்.

குழந்தைவேலு அண்ணன் ரிஜிஸ்டரைத் திறந்தார். என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை. பெயர், வயது, பிரசவம் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் வழக்கம்போலப் 'போர்ட்' என்று தொடங்கினார்.

பேனாவை வாங்கி அதை அடித்தேன். லாங் ஐலண்ட் என்று என் கையால் எழுதினேன்.