குரற்பெட்டியோடு போகும் ஆள்

நலம் பெருகுக. குன்றும் கோட்டையும் தம் பெயர் சொல்ல ஆளும் வெண்குன்ற நாட்டு வேந்தர், பகைவர் வணங்கும் வாயிலுடையார் அருவந்தைப் பெருவேளின் திருவாணை தாங்கி, அமைச்சர் சாத்திநங்கையார், ஆற்றெல்லைக்குக் கதவு போன்றவரான செங்கழனித் துறைக்காவலர் பூதங்குமரனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் நீர் வற்றாதிருக்க. உமது ஓடங்கள் கரை தவறாதிருக்க.

இவ்வோலையோடு வரும் ஓடத்தில் பட்டுப் போர்த்திய பெட்டி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் அமர்ந்து வருபவள் காரிநங்கை. எதிர்க்கரைப் புன்னை நாட்டார் போர் ஓய்ந்த நாளில், குரல் உள்ளவரை நம் அவையில் பாடி, குரல் ஓய்ந்தபின் தாய்நாடு திரும்புவாள் என்று உறுதி சொல்லி ஒப்படைத்த பாடகி அவளே. சிறுமியாய் வந்தவள் நரை கண்டாள். வைகறைதோறும் அவள் பாடித்தான் அரண்மனை விழித்தது.

கம்மியர் தேவன் செய்த குரற்பெட்டியை நீர் கேள்விப்பட்டிருப்பீர். அதன் பித்தளை வாயில் பாடினால், உள்ளிருக்கும் ஊசி அப்பாட்டை மெழுகு உருளையில் கீறிக்கொள்ளும். கைப்பிடியைச் சுழற்றினால் அதே குரல் திரும்ப வரும். காரிநங்கையின் வைகறைப் பாட்டை அரசர் அதில் ஏற்றுவித்தார். சென்ற மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் தொண்டை உடைந்தது. அதை எண்ணி அழாத ஒருத்தி அவளே. துணிமணிகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, இனி ஊருக்குப் போகலாம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். அமைச்சரும் மகிழ்ந்து புன்னை நாட்டுக்கு எழுதினார்.

மறுமொழி வந்தது. நிறைந்த அவையில் அதை வாசிக்கும் கடமை சாத்திநங்கையாருடையது. பயணச் சேலை உடுத்தி எதிரில் நின்றாள் காரிநங்கை. புன்னை நாட்டு அரசர், அவள் குரல் அடங்கிய பெட்டியைத் தமக்கு அனுப்பும்படி கேட்டிருந்தார். அவளைப் பற்றி, அவள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டதென்றும், குரலற்றவளை வைத்து என்ன செய்வதென்றும், வெண்குன்றத்து அடுக்களையிலேயே ஒரு மூலை கொடுக்கலாமென்றும் இருந்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம், அமைச்சர் நிறுத்தவில்லை. அரச ஓலையைப் பாதியில் நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

"நல்லது அம்மையே, என் குரலுக்குக் கால் முளைத்து ஊருக்குப் போகிறது. எனக்குத்தான் கால் போதவில்லை" என்றாள் காரிநங்கை. அவையில் சிலர் சிரித்தனர். நம் அரசர் அதற்குள் தேவன் செய்த அசையும் நிழல் விளக்கில் மனம் பறிகொடுத்திருந்தார். பெட்டியைக் கொடுத்துவிடச் சொன்னார்.

அரண்மனையை விட்டுப் போகும் எந்த இசைக்கருவியையும் அதற்கு உடையவர் கடைசியாக ஒருமுறை இசைத்துவிட்டே தர வேண்டும் என்பது நம் வழக்கம் அன்றோ. யாழுக்கும் முழவுக்கும் ஏற்பட்ட அவ்வழக்கைப் பெட்டிக்கும் நடத்தினார் அரண்மனை வழக்கங்களைக் காக்கும் முறைநாயகர் வில்லவரையர். குரலுக்கு உடையவள் காரிநங்கை; எனவே அவளே பெட்டியின் வாயில் பாட வேண்டும் என்றார். தேவன் பதறி, "ஐயா, வேண்டாம். இது யாழ் இல்லை. இப்போது பாடினால் ஊசி பழைய பாட்டைச் சீவிவிட்டுப் புதியதைக் கீறும்" என்றான். "அடே, ஏழு தலைமுறை வழக்கைவிட உன் மெழுகு பெரிதோ? கைப்பிடியைச் சுழற்றடா" என்றார் முறைநாயகர்.

அவள் பாடினாள். அதைப் பாட்டு என்று எழுதுவதும் பொய். உலர்ந்த ஓலை கிழிவது போன்ற அந்த ஒலியை உருளை உண்மையாய் வாங்கிக்கொண்டது. உலகில் அவள் நல்ல குரல் இனி எங்கும் இல்லை. செய்தி கேட்ட அரசர், "பெட்டியைத்தானே கேட்டார்கள், பெட்டியைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புன்னை நாட்டு ஓலையின் அடியில், பெட்டியோடு கைப்பிடி சுழற்றத் தெரிந்த பணியாள் ஒருவரையும் அனுப்புக என்று ஒரு வரி இருந்தது. அந்நாட்டார் அவளுக்கென்று அறியாமல் விட்டுவைத்த இடம் அது ஒன்றே. பணியாளாகப் போகச் சம்மதமா என்று அமைச்சர் கேட்டார். "என் மண்ணில் கால் வைத்தபின் துரத்தட்டும் அம்மையே. துரத்துகிறவனும் என் ஊர்க்காரனாய் இருப்பான் அல்லவா" என்றாள்.

ஆகையால் இது ஆணை. இக்கரையில் எவர் கேட்டாலும் பெட்டியை ஒலிக்கச் செய்யலாகாது. உடையவர் இசைத்துவிட்டார், வழக்கம் முடிந்தது என்று சொல்வீர், அது மெய்யே. பெட்டிக்கும் பணியாளுக்கும் சேர்த்து ஒரே முத்திரையில் பெற்றுக்கொண்ட சீட்டு வாங்குவீர். சீட்டு கைக்கு வந்ததும் ஓடத்தை இக்கரைக்கு வலித்துவிடுவீர். எதிர்க்கரையில் ஒரு கணமும் நிற்கலாகாது. அவர்கள் பெட்டியைத் திறந்து கேட்கும் வேளையில், அவளை ஏற்றித் திருப்பியனுப்ப நம் ஓடம் அங்கே இருக்கக் கூடாது.

வெண்குன்றத்து இரட்டை வேல் முத்திரை அரக்கில் பதிந்தது. இதை வாசித்த கண்ணோடு இச்சொல் நிற்க. செய்த கையை நாடு காக்க.