மணல்முகட்டில் முதல் தடம்

நவம்பர் 3, வெள்ளி

இன்று ஒரு மணல்மேட்டையே நாசம் செய்தேன்.

எல்லாரும் கீழே கேமரா ஸ்டாண்டை நட்டுவிட்டுச் சாயங்கால வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்க வராது. வெயில் முகட்டைத் தொடும்போது மேலே நிற்கணும் என்று முன்பக்கமாகவே ஓடி ஏறிவிட்டேன். வெயில் தொட்டது. பதினோரு கேமராவிலும் எங்கள் தாகித் ஊரின் பெரிய மேடு, நடுவில் கோணல் தையல் போட்ட மாதிரி என் காலடி.

பெஷார் நகரத்தில் ரொட்டிக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த பூசியான் அண்ணன், "அவுத்துவிட்ட ஒட்டகம் மாதிரி ஓடுது பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். புகைப்படப் பயிற்சி நடத்தும் ஸுலைஹா அக்கா சிரிக்கவில்லை.

"இனிமே நீதான் கடைசி ஆள். எல்லாரும் ஏறின பிறகு ஏறு. முடியலைன்னா வராத."

நவம்பர் 4

போக மாட்டேன். போகவே மாட்டேன்.

அம்மா சொல்றா: "காலேஜை விட்டுட்டு வர ரெண்டு வருஷம் ஆச்சு. இதை விட்டுட்டு வர மூணே வாரம். தேறிட்ட."

கத்திட்டேன். அவ சொன்னது பொய்யா என்ன?

நவம்பர் 17, வெள்ளி

போனேன். கடைசி ஆளாக நடந்தேன். முன்னால் பதினோரு முதுகு.

பிறகு படங்களைப் பாயில் பரப்பினோம். யார் படம் என்று சொல்லக் கூடாது. பிடித்த படத்தின் மேல் ஆளுக்கொரு பேரீச்சை விதை வைக்கணும். என் படத்தில் ஒன்றுகூட இல்லை. நானும் வைக்கவில்லை. எனக்கே பிடிக்கலை.

நவம்பர் 21

கேமரா இல்லாமல் மேட்டுக்குப் போய்ச் சும்மா நடந்தேன்.

நவம்பர் 29

மேட்டில் நடக்கும் ஒன்பதாவது நாள். முன்பக்கம் மணல் இளகல் – கால் வைத்தால் சரிந்து கோடு இழுக்கும். பின்பக்கம் கெட்டி. காற்றும் அங்கேதான் அடிக்கிறது, நேற்று வைத்த தடம் இன்று இல்லை. தெற்கு மூலையில் வளைந்து ஏறினால் கீழே இருப்பவருக்கு ஆளே தெரியாது.

யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டது.

டிசம்பர் 1, வெள்ளி

ஐந்து விதை!

மற்றவர்கள் மேலே நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளான எனக்குத்தான் கீழே இருந்து ஏறிவந்த நிழல் தெரிந்தது. மேட்டடிப் பேரீச்சந்தோப்பை மூடி, மணலில் ஏறி, என் செருப்புவரை வந்தது. எடுத்தேன்.

முதல் விதை வைத்தது பூசியான் அண்ணன். "இது யாரு எடுத்தது?"

"அவுத்துவிட்ட ஒட்டகம்" என்றேன்.

விதையைத் திரும்ப எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். இன்னொரு பழத்தைத் தின்று அந்த விதையையும் வைத்தார்.

"ஆளுக்கு ஒண்ணுதான்" என்றார் அக்கா.

"அது படத்துக்கு. இது ஒட்டகத்துக்கு."

டிசம்பர் 14

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? ரொட்டி கட்டித் தரவா?" – அம்மா.

டிசம்பர் 15, வெள்ளி

ஓரான் நகரத்திலிருந்து பத்துப் பேர் புதிதாக வந்திருந்தார்கள். மேட்டடியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் வழக்கம்போல வரிசையின் கடைசிக்குப் போனேன்.

"நூரியா, எங்க போற? முன்னால வா" என்றார் அக்கா. "தடம் நீ போடு."

தெற்கு மூலை வழியாக வளைந்து, மெதுவாகத்தான் ஏறினேன். இரண்டு இடத்தில் நின்று, என் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். காத்திருக்க வராத நான்தான்.

முகட்டில் திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் ஏறி வந்திருந்தோம். மணலில் ஒரே ஒரு ஆளின் தடம்தான் இருந்தது.