நீ கையெழுத்துப் போடாத டிரைவ்

இன்று காலை ஒரு விற்பனைப் பிரதிநிதி என் மேசையில் புது கேட்லாகை விரித்தார். அச்சு மை வாசனை போகாத பளபளத் தாள். "மோட்டார் எத்தனை ஹெச்.பி. சார்? அதுக்கேத்த டிரைவ் ரெடியா இருக்கு" என்றார். உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும்.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் நாம் இருவரும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்கள். உலைக்கு மேல் ஓடும் கிரேனுக்கு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வார வேலை. நீ மூன்று வாரம் இழுத்தாய். மத்தியான நேரத்தில் தெர்மாமீட்டரோடு கிரேன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

"இன்னாடா பண்ற மேல?" என்று கத்தினேன்.

"ஹெச்.பி. மட்டும் பாத்து வாங்கறது ஃபேனுக்கு ஓகே. இது உருகின இரும்பத் தூக்கினு போவுது. தூக்க ஆரம்பிக்கறப்போ ஒண்ணரை மடங்கு கரண்ட் கேக்கும். இந்தச் சூட்டுல ஹெச்.பி.க்கு ஏத்த டிரைவ் தாங்காதுடா. ஒரு சைஸ் பெருசு வாங்கு."

"செம பேஜாருடா உன்னோட!"

மேனேஜர் அவசரப்படுத்தினார். சின்ன டிரைவுக்கான ஆர்டரில் நீ கையெழுத்துப் போட மறுத்தாய். நான் போட்டேன்.

சித்திரையில் ஒருநாள், கொப்பரை நிறைய இரும்புக் குழம்போடு ஏறிய கிரேன் பாதியில் நின்றது. டிரைவ் சூடாகி அணைந்துவிட்டது. பிரேக் பிடிப்பதற்குள் கொப்பரை ஒரு முழம் இறங்கித் தளும்பியது. கீழே நின்ற நான்கு பேரை நீதான் கத்தி விரட்டினாய். அவர்கள் தப்பினார்கள். தெறித்த குழம்பு உன் தோளைச் சுட்டது.

அதற்கப்புறம் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தோளில் கட்டோடு வந்து, "பெரிய சைஸுக்கு எழுதிட்டேன், பாரு" என்று தாளை நீட்டினாய். அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. தப்பு செய்தவன் நான், முறைத்துக்கொண்டவனும் நானே.

போன ஐப்பசியில் நீ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீடு திரும்பவில்லை.

இன்று அந்தப் பிரதிநிதியிடம் சூடு எவ்வளவு தாங்கும், தூசு உள்ளே போகுமா, பாரம் இறங்கும்போது என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மேனேஜர் தலையில் கைவைத்தார். "நீங்களும் அவர மாதிரியே உயிர வாங்கறீங்க சார்!"

ஆமாம், அப்படித்தான் ஆகிவிட்டேன். உன் கேள்விகளை எல்லாரிடமும் கேட்கிறேன். ஆனால் நீ சொன்னது சரி என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னிடமே கிடக்கிறது.