ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காற்றே இல்லை. கடல் இருக்கிற ஊர் என்று பேர்தான். காலைப் பூசைக்குக் கிளம்பும் முன்பே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

இன்று பிலோமினா தானே தலை வாரிக்கொண்டாள். நான் வழக்கம்போலச் சீப்போடு பின்னால் போய் நிற்கிறேன். அவள் பாட்டுக்குக் கையைத் தூக்கி, சிக்கெடுத்து, கொண்டையும் போட்டுவிட்டாள்.

"எதுக்கு நிக்கிறீங்க? பூசைக்கு நேரமாவுது, போயி பேன்ட்ட மாட்டுங்க."

காது வரைக்கும் கை தூக்க முடியாதவள். முடக்குவாதம். விரல் மூட்டு, மணிக்கட்டு, தோள், முட்டி, ஒன்றும் பாக்கி இல்லை. மின்துறையிலிருந்து நான் ரிடையர் ஆன வருஷம் ஆரம்பித்தது. அன்றிலிருந்து மனைவிக்குத் தலை வாருவது என் உத்தியோகம். கூடவே: ரவிக்கைக் கொக்கி. குழாய் திறப்பது. பேஸ்ட் பிதுக்குவது. ஊறுகாய் மூடி. மாத்திரை அட்டை.

தவக்காலத்தில் டாக்டரம்மா மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். ஈஸ்டர் வரை ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் போகிறது. முதலில் பேஸ்ட். பிறகு குழாய். போன வாரம் கொக்கி. இன்று தலை.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், கோயில் வாசல் வரை. உள்ளே முழங்காலில் நிற்கும்போது வயிறு எரிந்தது. மாத்திரை மேல் பொறாமைப்படுகிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஞாயிறு மாத்திரை. வாரத்துக்கு ஒரு நாள்தான் போடுவது. நாள் மாறக்கூடாது என்றார்கள், பூசை நாள் என்றால் மறக்காது என்று ஞாயிறாக வைத்துக்கொண்டோம். எதிரே உட்கார்ந்து கண்ணை மூடி நாக்கை நீட்டுவாள், பூசையில் சாமியாரிடம் அப்பம் வாங்குவது போல. விரலில் எதுவும் நிற்காத காலத்தில் ஆரம்பித்த விளையாட்டு. நான் நாக்கில் வைப்பேன். "ஆமென்" என்பாள். சாமியாருக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொல்லுவார். இப்போது கோயிலில் பாதிப் பேர் கையை நீட்டித்தான் வாங்குகிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. நாக்குதான் மரியாதை.

இன்றும் ஆமென் சொன்னாள். இது இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரை போட்ட மறுநாள். குமட்டல், வாய்க் கசப்பு. திங்கள் என்றால் மிளகு ரசம், என் கையால். அவள் படுத்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாரம் பூரா காத்திருப்பேன்.

இன்று ரசத்தைக் குடித்துக்கொண்டே ஃபோன். வேறு யார், அஞ்சலை. வீராம்பட்டினத்துக்காரி, மீன் வியாபாரம். அவளுக்கும் இதே வியாதி. கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரிசையில் பிடித்த சிநேகம்.

"இன்னிக்கி அவ்வளவா இல்லடி. பத்து மணிக்கெல்லாம் எழுந்துட்டேன். உனக்குக் கட்ட வெரலு எப்படி இருக்கு?"

முன்பு எங்கே வலிக்கிறது என்று என்னிடம் சொல்வாள். இப்போது எங்கே வலிக்கவில்லை என்று அவளிடம் சொல்கிறாள். பக்கத்து அறையில் நின்று ஒட்டுக்கேட்டுத்தான் எனக்குச் சேதி.

ரசத்தில் உப்பு தூக்கல். அதைக்கூடச் சொல்லவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

கோரிமேடு. பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு இடம் பிடித்தேன், உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கம்பியைப் பிடிக்கிறாளாம்!

டாக்டரம்மா: "காலைல வெரல் எவ்ளோ நேரம் மடங்காம இருக்கு?"

இதற்கு எப்போதும் நான்தான் பதில். என்னிடம் காபிக் கணக்கு உண்டு. விரல் மடங்கி டம்ளரைப் பிடிப்பதற்குள் காபியை மூன்று தரம் சூடு பண்ணிய காலம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்கிறாள்: "மொதக் காப்பிய சூடாவே குடிக்கிறேன் டாக்டர்."

தன் இரண்டு விரலை நீட்டி அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். "ஐயோ அம்மா, எனக்கு வலிக்குது!" என்றார் டாக்டரம்மா. ஒரே சிரிப்பு. நான் ரிப்போர்ட் பையோடு ஓரமாக, கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் நிற்கிறவன் மாதிரி.

முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன்.

"முழுசான்னு சொல்ல முடியாது ஐயா. மாடி ஏறினா முட்டி சொல்லும், மழை வந்தா மணிக்கட்டு சொல்லும். ஆனா அவங்க வேலைய அவங்களே பாத்துக்குவாங்க. மாத்திரைய மட்டும் விடக்கூடாது."

அவங்க வேலையை அவங்களே. சரி.

வெளியே அஞ்சலை. இதே ஞாயிறு மாத்திரையைத்தான் அவளும் சாப்பிட்டாள். ஈரல் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டு வேறு கொடுத்திருக்கிறார்கள், அது கேட்கவில்லை. விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி. பிலோமினாவின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். "உனக்குக் கேட்டுச்சுக்கா. எனக்குத்தான் கேக்கல." கண்ணில் ஏதோ ஒன்று. எனக்கா தெரியாது அந்தப் பார்வை? இவளும் நம்ம கட்சிதான் என்று தோன்றியது. முதல் தடவையாக அவளைப் பிடித்தது.

பதினைந்தாம் தேதி ஆடி வெள்ளி, அவர்கள் ஊர் அம்மன் தேர். கூப்பிட்டாள். அன்றைக்கேதான் மாதா திருநாளும். காலையில் பூசை, அப்புறம் தேர் என்று பஸ்ஸுக்குள்ளேயே திட்டம் போட்டாயிற்று. நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு? நாங்க ரெண்டு பேரும் கடக்கரை மணல்ல நடக்கப் போறோம். மணல்ல கால் வெச்சு எத்தினி வருஷமாச்சு."

"விழுந்தா?"

"விழுந்தா எழுந்துக்கறேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடியலில் தூறல். மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை போல. கேட்டேன், "பரவாயில்ல" என்றாள்.

மதியம் ஊறுகாய் மூடியைத் திறந்தாள். டக் என்று சத்தம். "வுவாலா!" என்று கூவினாள். 'இதோ பார்' என்று அர்த்தம், கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சில் மிச்சம் இருக்கிற ஒரே வார்த்தை. நான் அந்த மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூடி வைத்திருந்தேன். நல்லது என்றேன்.

மணலில் நடக்கப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். நீல வார். என்னைக் கேட்காமல்.

சாப்பிட்டு முடித்து எதிரே உட்கார்ந்தாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். டப்பாவில் இரண்டு அட்டை. ஒன்று ஞாயிறு மாத்திரை. இன்னொன்று மற்ற நாளில் போடுகிற சத்து மாத்திரை. இரண்டும் மஞ்சள், இரண்டும் பொட்டு அளவு. சத்து மாத்திரையை வைத்தேன்.

"ஆமென்."

மாறிப்போய்விட்டது என்று எழுதப் பார்த்தேன். மாறவில்லை. மாற்றினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குமட்டல் இல்லை. எப்படி இருக்கும்? காலையிலேயே நேற்றைய மீன் குழம்பைச் சுட வைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழம இப்படி இருந்ததே இல்லங்க. மாத்திரை ஒடம்புக்குப் பழகிடுச்சு."

மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். படுப்பாள், என்னைத் தேடுவாள் என்று பண்ணிய காரியம். பாட்டுப் பாடிக்கொண்டு துணி காயப்போடுகிறாள். கெட்டது செய்யக்கூட எனக்குக் கைராசி இல்லை.

இன்றே கொடுத்துவிடலாம் என்று அட்டையை எடுத்தேன். கொடுத்தால் சொல்ல வேண்டும். திரும்ப வைத்துவிட்டேன். ரசத்தை நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

"ஏங்க…"

பழைய குரல். ஓடினேன். விரல் வீக்கம், மணிக்கட்டு தொட முடியவில்லை. காபி இரண்டு தரம் சூடு. மூன்றாவது தரம் நான் பிடித்துக்கொள்ள, குடித்தாள்.

"கொஞ்சம் தல வாரி வுடுங்க."

வாரினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. அவசரமே படாமல் சிக்கெடுத்தேன். நரை கூடியிருக்கிறது, இத்தனை நாளில் நான் பார்க்கவில்லை. கொண்டை போடும்போதுதான் தோள் குலுங்குவது தெரிந்தது.

"போயிடுச்சின்னு நெனச்சேங்க. திரும்பி வந்துடுச்சே. இனிமே இந்த மாத்திரையும் கேக்காது போல. அஞ்சலைகிட்ட நாளைக்கு வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. என்னால பேச முடியாது."

நீல வார் செருப்பு கட்டிலுக்கு அடியில், அட்டைப்பெட்டியில்.

அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழம மாத்திர போட்டாங்கல்லண்ணே? போட்டுமா வலிக்குது?"

ஆமாம் என்றேன். இரண்டாவது பாவம்.

"அக்காவுக்கும் உட்டுப்போச்சா. எனக்குக் கேக்கலன்னாலும் அக்காவுக்குக் கேக்குதேன்னுதான் மனசத் தேத்திக்கிட்டிருந்தன். அன்னிக்கி அவங்க கையத் தொட்டுப் பாத்துட்டு வந்து எங்க ஊட்ல எல்லார்கிட்டயும் சொன்னன். அக்கா வெரலு மடங்குது, என்னிக்காச்சும் எனக்கும் ஒரு மாத்திர கேக்கும்னு."

அழுகிறாள். எனக்கு ஃபோனை வைக்கத் தெரியவில்லை. கட்சியில் நான் ஒருத்தன்தான் இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் பிலோமினாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். மஞ்சள் மாத்திரை, ஊறுகாய் மூடி உட்பட.

"எதுக்கு?"

"நீயே தல வாரிக்கிட்ட" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

திட்டியிருக்கலாம். ஃபோனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அஞ்சலையிடம் பேசினாள்.

"மாத்திரை மாறிப் போச்சாம்டி. மருந்து கேக்காம இல்ல. கேக்குது. நீ அழாத."

மாறிப் போச்சாம். எனக்காக ஒரு பொய். ஆஸ்பத்திரிக்கு நானே பேசினேன். சேர்த்துப் போடக்கூடாது, வருகிற ஞாயிறு வழக்கம்போலப் போடுங்கள் என்றார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வலியோடு பூசைக்கு வந்தாள். வலியோடே வீராம்பட்டினம் போனாள், தனியாக. கொண்டை அவளே போட்டது, ஒரு பக்கம் சரிந்து இருந்தது. சீப்பு ஜன்னலில். நான் எடுக்கவில்லை, அவள் கேட்கவில்லை.

பொழுது சாய வந்தாள். நீல வார் பூரா மணல்.

"தேர் எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். அஞ்சலையிடம் வழியெல்லாம் எத்தனை பேசியிருப்பாள். இன்னும் எரிகிறது. வெட்கம் வந்தால் இது போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல மழை. மாடிக் குழாய் ஒழுகுகிறது, ஆள் கூப்பிட வேண்டும்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அதுவே பெரிய விஷயம் என்று டப்பாவைத் திறந்தேன். கண்ணை மூடவில்லை.

கையை நீட்டினாள். "இதுல வைங்க."

பிதுக்கி வைத்தேன். அட்டையையும் கேட்டாள். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேரைப் படித்தாள். உள்ளங்கையில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆமென் சொல்லவில்லை.