கறுத்துப்போன துரு

கிருனாவில் இரும்பு தோண்டும் என்னவனுக்கு,

மகளுக்குக் காய்ச்சல் இல்லை. மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்தக் கடற்சேற்றுப் புட்டி! காற்றுக்குப் பதில் துருவை மூச்சாக வைத்துக்கொண்டு மீத்தேன் வாயுவைத் தின்னும் நுண்ணுயிர் அதில் இருக்கிறதென்று, இவள் பிறக்குமுன்பிருந்தே மீத்தேன் ஊட்டுகிறேனே, அதேதான். இன்று செந்துரு கறுத்திருந்தது.

"அழுகிடுச்சுடி, கொட்டிடு" என்றாள் ஆய்வகத் தோழி குன்வோர்.

மனசு கேட்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிப் புட்டியின் கண்ணாடியில் வைத்தேன். கறுப்புத்தூள் ஓடிவந்து ஒட்டியது! வெறும் துரு அப்படி ஓடாது; நுண்ணுயிர் மூச்சுக்கு எடுத்துக்கொண்ட துருதான் கறுத்துக் காந்தத்தில் ஒட்டும். மீத்தேன் கொடுக்காத புட்டியோ சிவப்பாகவே இருக்கிறது.

"அடிப்பாவி, உன் பூச்சி சாப்பிட்டிருக்குடி! உன் பொண்ணுதான் கஞ்சியைத் துப்புறா" என்று கூவினாள் குன்வோர்.

புட்டி செத்தால் வேலையை விட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்றேன் அல்லவா? சாகவில்லை. ஆகவே பெட்டியை நீ கட்டு. இங்கே துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
உன்னவள்